குழந்தையின் இடுப்பு விலகலுக்குப் பிரசவம் பார்த்தவர் காரணமா?

"பிரசவத்தில் காலைப் பிடித்து இழுப்பதால்தான் பச்சிளங்குழந்தைக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. தொடை எலும்பின் உருண்டைத் தலை அமரவேண்டிய கிண்ணம் போதிய ஆழமின்றி வளர்வதும், மூட்டைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்ந்திருப்பதுமே இதன் அடிப்படை. கருவில் தலை மேலாக இருந்த குழந்தைகளிடமும், பெண் குழந்தைகளிடமும், குடும்பத்தில் இக்குறை உள்ளவர்களிடமும் இது அதிகம். கால்களை நேராக நீட்டி இறுக்கித் துணி சுற்றுவதும் மூட்டை விலக்கக்கூடும். தவளையைப்போல் மடங்கி விரிந்திருப்பதே அந்தக் கால்களுக்கு இயல்பு. பிறந்தபோது சரியாகத் தெரிந்த மூட்டும் பின்னர் விலகலாம் என்பதால்தான், முன்பு 'பிறவி இடுப்பு விலகல்' எனப்பட்டதை மருத்துவர்கள் இன்று 'வளர்நிலை இடுப்பு மூட்டுக் குறைபாடு' என்கிறார்கள். பன்னாட்டு இடுப்பு மூட்டுக் குறைபாட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம். பிரசவம் பார்த்தவர்மீது வீண்பழி சுமத்தும் அந்தச் செய்தியை, அன்புகூர்ந்து, இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.