சாகப்போறவங்க வாயில எதையும் திணிக்காதீங்க

கடைசி கட்டத்துல படுத்திருக்கறவங்களைப் பாக்கப் போறப்போ எல்லாரும் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிட்டுப் போறோம், செருப்பைக் கழட்டும்போதே "ஏதாவது சாப்பிட்டாங்களா"ன்னு கேக்கறோம். இதைக் கேட்டுக் கேட்டே கூட இருந்து பாத்துக்கறவங்களை குத்தவாளி ஆக்கிடறோம்ங்கறது என் கருத்து. கோவம் வர்றவங்க வரட்டும்.

எங்க அத்தைக்கு கணையத்துல கேன்சர். இனிமே கீமோ வேணாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு வாய் கஞ்சி போனாலே ஓங்கரிப்பு வரும். ஆனா வர்ற சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரும் "நான் ஊட்டுனா சாப்பிடுவா பாரு"ன்னு ஸ்பூனைத் தூக்கிட்டு உக்காந்துடுவாங்க, அத்தையும் வந்தவங்க மனசு நோகக்கூடாதேன்னு வாயைத் திறப்பாங்க, அவங்க தெருமுனை தாண்டறதுக்குள்ள வாந்தி. அதை அள்ளிக் கொட்டுறது அத்தை மக மட்டும்தான்.

உடம்பு அடங்கப் போற நேரத்துல பசி தானா நின்னுடும், குடல் வேலை செய்யறதும் கொறைஞ்சிடும். அப்போ பட்டினி போட்டுக் கொல்றோமோன்னு நாம பயந்துக்கறோமே தவிர அவங்களுக்கு பெரும்பாலும் பசியே தெரியாது. வாய் காயும், அது தெரியும். அதுக்கு ஈரப் பஞ்சால வாயைத் தொடைச்சு, உதட்டுல கொஞ்சம் வேசலின் தடவிவிட்டா போதும்.

அடுத்தது ட்ரிப்ஸ். "ஒரு குளுக்கோஸாவது ஏத்துங்க, தெம்பா இருக்கும்"னு சொல்லாத வீடு கிடையாது. சாதாரணமா ஏத்துற 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டில்ல இருக்கறது 25 கிராம் சர்க்கரை. அஞ்சாறு ஸ்பூன், அவ்வளவுதான்! அதுக்காக நரம்பு கிடைக்காத கையில குத்திக் குத்தி கருப்பாக்கிடறாங்க, ஏத்துன தண்ணி வெளியேற வழியில்லாம காலு வீங்கும், நெஞ்சுல சளி கூடும், மூச்சு இன்னும் கஷ்டமாகும். எல்லாருக்கும் ட்ரிப்ஸ் கூடாதுன்னு சொல்லல, டாக்டர் காரணம் சொல்லி ஏத்தினா சரி, நம்ம மன திருப்திக்கு ஏத்தச் சொல்லாதீங்க.

அப்புறம் உயிர் இழுத்துக்கிட்டே இருந்தா "ஏதோ ஆசை இருக்கு"ன்னு மண்ணைக் கரைச்சு ஊத்துறது, தங்கத்தை உரசி ஊத்துறது, வரிசையா நின்னு பால் ஊத்துறது. நினைவு இல்லாதவங்களால முழுங்க முடியாது, ஊத்துறது மூச்சுக்குழாய்க்குள்ள போய் பொறை ஏறும். சடங்கு வேணும்னா அதே பாலை பஞ்சுல நனைச்சு உதட்டுல தடவுங்க, எந்த சாமியும் கோவிச்சுக்காது.

இவ்வளவும் பண்ற நாம வலியைப் பத்தி மட்டும் வாயே திறக்கறதில்லை, அதான் எனக்கு ஆத்திரம். அத்தை ராத்திரி முழுக்க முதுகைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சே உக்காந்திருப்பாங்க, படுக்கவே முடியாது. மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருதடவைன்னு ஆரம்பிச்சப்புறம்தான் மல்லாந்து படுத்தாங்க, பேத்தியோட சண்டை போடற அளவுக்குப் பேசினாங்க. அப்பவும் ஒரு உறவுக்காரர் "அது போதை மருந்தாச்சே, பழகிடும்"னார். இனிமே பழகி என்ன ஆகப் போகுது சார்? டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா அது ஆளைக் கொல்றதும் இல்லை. மலச்சிக்கல் வரும், கூடவே அதுக்கும் மருந்து கேட்டு வாங்கிடணும்.

1985ல வந்த போதைப்பொருள் சட்டத்தோட கெடுபிடியில மார்ஃபின் வச்சுக்கவே ஆஸ்பத்திரிங்க பயந்தாங்க, 2014ல திருத்தம் பண்ணி கொஞ்சம் எளிதாக்கினாங்க. பக்கத்துல கேரளாவுல 2008லயே வலி தணிப்பு சிகிச்சைக்குன்னு அரசு கொள்கை போட்டு, வீடு தேடிப் போய் பாக்கற அளவுக்கு வளர்த்துட்டாங்க. நம்ம ஊர்லயும் 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து வலி தணிப்பு சிகிச்சை பாக்கற வேலையும் இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்க் கேளுங்க. கேக்காம யாரும் வந்து சொல்ல மாட்டாங்க.

இனிமே அப்படி ஒரு வீட்டுக்குப் போனா ஹார்லிக்ஸை விடுங்க. ராத்திரி பகலா முழிச்சிருக்கற அந்த வீட்டுப் பொண்ணை "நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கு, நான் பாத்துக்கறேன்"னு அனுப்பிட்டு அந்த ஸ்டூல்ல உக்காருங்க. தூங்கப் போறதுக்கு முன்னாடி, எப்போ புரட்டிப் படுக்க வைக்கணும், அடுத்த மாத்திரை எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டு வச்சுக்கங்க.