மாடியில் 3 கிலோவாட், கீழே பனையோலை விசிறி

போன மாதம் எங்கள் ஏரியாவில் பராமரிப்பு ஷட்டவுன். காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் சாயங்காலம் 5 மணிக்குத்தான் வரும் என்று முன்னாடியே மெசேஜ் வந்துவிட்டது. கோயம்புத்தூரிலும் இப்போதெல்லாம் உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் தகதகவென்று காய்கிறது, கீழே நான் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏந்தம்பி, நீங்கதான் சோலார் போட்டிருக்கீங்கள்ல? உங்கூட்லயும் ஃபேன் ஓடலையா?" என்று கேட்டார். அவர் வீட்டில் பத்து வருசத்துப் பழைய யூபிஎஸ்ஸில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு விற்றவர் பேனலுக்கு 25 வருட வாரண்டி, 78,000 ரூபாய் மானியம் என்று எல்லாம் சொன்னார். கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அதுதான் எரிச்சல். பேனல் எந்தக் கம்பெனி, எத்தனை வாட் என்று பத்துக் கேள்வி கேட்டவன், பேனல் தருவதை வீட்டுக் கரண்ட்டாக மாற்றுகிற, சுவரில் மாட்டுகிற இன்வெர்ட்டரைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை. பேனல் வெறும் கண்ணாடி. மூளை அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

கரண்ட் போனதும் என் வீட்டில் இருப்பதுபோல் தெரு லைனோடு சேர்ந்தே ஓடுகிற ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் ஏன் படுத்துவிடுகிறது? அது பஜனை கோஷ்டியில் பின்பாட்டுப் பாடுகிறவர் மாதிரி. லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை துடிக்கிற, சுருதியைக் கேட்டுக் கேட்டுத்தான் கூடச் சேரும். முன்பாட்டு நின்றால் இதுவும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. சரியான விதிதான். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் 'லைன் ஆஃப்' என்று நம்பிக் கம்பியைத் தொடும்போது, என் மாடியிலிருந்து கரண்ட் பாய்ந்தால் அவர் கதி? ஆனால் தெருவிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு, தானே சுருதி பிடித்து வீட்டுக்கு மட்டும் கொடுக்கிற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் கடையில் இருக்கிறது. பேட்டரியோடு வாங்கினால் விலை கூடும், மறுக்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்று வாங்குவதற்கு முன் என்னிடம் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒரு ரிப்பேர் கடையில் பக்கத்தில் நின்று பார்த்தேன். செத்துப்போன இன்வெர்ட்டர் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே கருகிய பல்லி ஒன்று, தலை உப்பிய கெப்பாசிட்டர் ஒன்று, அலுமினியத் தகடுகளோடு ஒட்டவைத்த, மூன்று கால் உள்ள கறுப்புச் சில்லுகள் சில. "ஐஜிபிடி போயிடுச்சுங்க" என்றார் மெக்கானிக். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அந்தச் சில்லுதான் பேனலிலிருந்து ஒரே திசையில் வரும் டிசி கரண்ட்டை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி, திசை மாறி மாறி ஓடுகிற ஏசியாக்குகிறது.

அந்தக் காலத்து ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? சுவிட்ச் போர்டில் கறுப்பாகப் பெரிய டப்பா, தொட்டால் சுடும். ஃபேனின் வேகத்தைக் குறைக்க மிச்சக் கரண்ட்டைச் சூடாக்கி வீணடிக்கும். வாய்க்கால் மடையைப் பாதி திறந்து வைத்ததுபோல. இந்தச் சில்லு மடையை முழுசாகத் திறக்கும், இல்லையென்றால் முழுசாக மூடும், அதுவும் கண்மூடித் திறப்பதற்குள் பல நூறு தடவை. திறந்து மூடுகிற அந்த நொடித்துளியில் மட்டும்தான் பாதி மடை. சூடாகி வீணாவதில் ஒரு நல்ல பங்கு அங்கேதான். எனவே எவ்வளவு சீக்கிரம் திறந்து மூடுகிறதோ அவ்வளவு லாபம்.

இந்த ஐஜிபிடியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பி. ஜெயந்த் பாலிகா. 1948-ல் சென்னையில் பிறந்தவர், 1969-ல் சென்னை ஐஐடியில் பட்டம் வாங்கியவர். 2024-ல் பின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு பத்து லட்சம் யூரோவோடு அவருக்குக் கிடைத்தது. நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் தொடங்கி மின்சார ரயில் வரைக்கும் இந்தச் சில்லு இருக்கிறது. அவர் பெயரை நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது இந்தச் சில்லுகளைச் செய்கிற சிலிக்கானுக்குப் பதில் சிலிக்கான் கார்பைடு வருகிறது. புதுப் பொருள் இல்லை, சாணைக்கல்லில் இருக்கும் கார்போரண்டம்தான். சிலிக்கான் தாங்குவதைப்போல் சுமார் பத்து மடங்கு மின்புலம் தாங்கும், எனவே சில்லு மெல்லிசாக இருந்தால் போதும். சூட்டுக்கும் அவ்வளவு அசராது. படிகம் வளர்க்க 2000 டிகிரிக்கு மேல் வேண்டும், கல்லோ அறுபடாமல் அடம் பிடிக்கும், அதனால்தான் விலை. உங்கள் போன் சார்ஜர் சுருங்கியதற்குக் காரணமான காலியம் நைட்ரைடு இதன் பங்காளி.

ஆனால் 'கார்பைடு இன்வெர்ட்டர், சூப்பர் சேமிப்பு' என்று யாராவது வீட்டு வாசலில் வந்து நின்றால் கொஞ்சம் நிதானியுங்கள். நல்ல இன்வெர்ட்டர் பேனல் தருவதில் ஏற்கெனவே 97, 98 சதவீதத்தை வீட்டுக்குக் கொடுக்கிறது. என் மாடியில் ஒரு நாளைக்கு 12 யூனிட் என்றால், ஒரு சதவீதம் கூடுவது 0.12 யூனிட். உண்மையான ஓட்டை வேறு இடத்தில். அந்த அக்கா வீட்டு யூபிஎஸ்ஸில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். எந்த லோடும் இல்லாமல் சும்மா நிற்கும்போதே 30 வாட் குடிக்கிறது. ஒரு நாளைக்கு 0.72 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 43 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு பல்புகூட எரியாமல் காலி.

இன்னொரு கூத்து. பேனல் தருவது டிசி. எல்இடி பல்பும், கரண்ட்டைக் குறைவாகக் குடிக்கிற புது பிஎல்டிசி ஃபேனும் உள்ளுக்குள் ஓடுவதும் டிசியில்தான். நடுவில் ஏசியாக்கி மறுபடி டிசியாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு 48 வோல்ட் டிசியிலேயே வீட்டை ஓட்டுகிற அமைப்பைச் செய்து, ராஜஸ்தான் பாலைவனத்தில் கம்பி எட்டாத வீடுகளில் போட்டது. அங்கே ஒத்துவரும். மிக்ஸியும் கிரைண்டரும் ஓடுகிற நம் வீட்டுக்கு உடனே ஒத்துவருமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

கிரைண்டர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சை அணைத்த பிறகும் கல் கொஞ்ச நேரம் சுற்றுமே, அதுபோலத்தான் நெய்வேலியிலும் மேட்டூரிலும் டர்பைன்கள். எங்கோ ஒரு பழுது என்றால், அந்தச் சுழற்சி சில நொடிகள் கிரிட்டை, அதாவது ஊரையெல்லாம் இணைக்கும் மின்கம்பி வலையை, தாங்கும். சோலாருக்குக் கல் கிடையாது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாக அமைச்சர் சொன்னார். நாடு முழுக்க இருட்டு. எல்லோரும் குரங்கை வைத்து மீம் போட்டோம். விடுமுறை நாள், மின்தேவை குறைவு, சோலார் ஏராளம், சுற்றுகிற கல் குறைவு என்பதுதான் விஷயம். அடுத்து ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்கு, பகலில் உங்கள் மாடி சோலாரை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டுக்கொண்டது. வெயிலுள்ள நாட்டில், வெயில் நேரத்தில்!

தானே சுருதி பிடிக்கிற இன்வெர்ட்டரைப் பேட்டரியோடு பெரிய அளவில் வைத்தால் இந்த நிலைமை மாறும். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையம் 2022-லிருந்தே அந்தக் கல்லின் வேலையைச் சில்லுகளால் செய்துவருகிறது. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் புதிதாகப் போடுகிற ஒவ்வொரு பெரிய சோலார் பண்ணையிலும் ஒரு பங்கு இப்படி இருக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுத வேண்டும் என்பது என் கட்சி. யூனிட் விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும்.

என் வீட்டுக்கு ஹைப்ரிட் மாற்றக் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன், பேட்டரி விலையைப் பார்த்துவிட்டு மடித்தும் வைத்திருக்கிறேன். அன்றைக்கு மத்தியானம் போன் 4 சதவீதத்துக்கு வந்துவிட்டது. சார்ஜரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குத்தான் போனேன். "வா தம்பி, சோலார்காரரே" என்று பிளக் பாயிண்ட்டைக் காட்டினார்.