ஆறியதும் கலங்கும் தேநீர் கலப்படமா?

"பால் சேர்க்காத தேநீர் ஆறியதும் கலங்கினால் அதில் சாயம் கலந்திருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இதை நம்பி நல்ல அஸ்ஸாம் தேயிலையைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள்.

தேயிலையின் காஃபீனும், இலை காற்றுப்பட்டுக் கறுக்கும்போது உருவாகும் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் பொருள்களும் வெந்நீரில் கரைந்திருக்கும். சூடு தணியத் தணிய ஒன்றோடொன்று பிணைந்து நுண்துகள்களாகும். அதுதான் அந்தக் கலங்கல். தேயிலை ருசி பார்ப்பவர்கள் இதை 'கிரீம்' என்பார்கள்; திடமான தேநீரின் அடையாளம் அது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஜூன் மாதம் பறித்த அஸ்ஸாம் இலை 2.5 கிராம், கொதித்த தண்ணீர் 200 மில்லி, 4 நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்கும். ஆறினால் மங்கி, ஒரு துளி பால் விழுந்ததுபோல் ஆகும். அப்புறம் சூடாக்குங்கள், மறுபடி தெளிந்துவிடும்.

நீலகிரித் தேநீர் பெரும்பாலும் ஆறினாலும் தெளிவாகவே நிற்கும். ஐஸ் டீக்கு அதைத் தேடுவது அதனால்தான்.

சரி, சாயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வடிதாளில் இலையைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். இலையை எடுத்துவிட்டுத் தாளைக் குழாயடியில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறை தெரிந்தால் சந்தேகப்படலாம்.