மூன்று ஓட்டும் ஒரு சவரமும்

லண்டன், 1910 ஜனவரி. தெருமுனையில் ஒரு சின்ன சவரக்கடை. நாற்காலியில் விஸ்கி வியாபாரி, கண்ணும் மூக்கும் தவிர எல்லாம் நுரை.

கடைக்காரர்: பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிறவர், இந்தப் பத்து நாளில் இது மூன்றாவது சவரம். வீட்டில் ஏதும் விசேஷமா ஐயா?

வியாபாரி: ஓட்டுப் போடுகிறேனப்பா. போன வாரம் சிட்டியில், அதாவது லண்டனின் பழைய வணிகப் பகுதியில், என் கிடங்குக்காக. நேற்று இங்கே, வீட்டுக்காக. நாளைக்கு கென்ட் பக்கம், தாத்தா விட்டுப்போன நிலத்துக்காக.

கடைக்காரர்: கிடங்குக்கெல்லாம்கூடவா ஓட்டு இருக்கிறது?

வியாபாரி: சொத்து எங்கே இருக்கிறதோ அந்தத் தொகுதியில் எல்லாம் எனக்கு ஓட்டு. ஒரே தொகுதியில் இரண்டு போட்டால்தான் தப்பு. நல்லவேளை, தேர்தலை ஒரே நாளில் முடிக்காமல் 15-ஆம் தேதி தொடங்கி பிப்ரவரி 10 வரை வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் என்னைப் போன்றவன் என்ன பாடுபடுவான் சொல்லு. சரி, நீ போட்டாயா?

கடைக்காரர்: எனக்கு ஏது ஐயா? பட்டியலில் பேர் வர ஜூலை 15-க்கு முன்னால் பன்னிரண்டு மாதம் முழுசாக ஒரே தொகுதியில் குடியிருக்க வேண்டுமாம். நான் தேம்ஸுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்தது 1908 ஆகஸ்ட். கணக்குப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் இடிக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

வியாபாரி: ஒரு மாதம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?

கடைக்காரர்: மனைவியும் அதையேதான் கேட்கிறாள். வாடகையை எண்ணிக் கொடுப்பது அவள், ஆனால் அவள் இங்கேயே நூறு வருஷம் இருந்தாலும் இந்த ஓட்டு கிடையாது. அதை நான் திருப்பிச் சொன்னேன், அன்றைக்கு ராத்திரி சாப்பாடும் கிடையாது.

வியாபாரி: இந்தத் தேர்தலே அந்த நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜால் வந்தது. விஸ்கிக்கு வரி, நிலத்துக்கு வரி, மோட்டார் வண்டிக்குப் பெட்ரோல் வரி! பார்லிமென்டின் மேல்சபை, நம் பிரபுக்கள் சபை, அந்த பட்ஜெட்டை 350-க்கு 75 என்று தூக்கி எறிந்ததே, அதுவல்லவா ஆண்மை.

கடைக்காரர்: (கத்தியைத் தோல்வாரில் தீட்டியபடி) அந்த 350 பேருக்கு யார் ஐயா ஓட்டுப் போட்டது?

வியாபாரி: யாரும் போடவில்லை. பிறக்கும்போதே பிரபு.

கடைக்காரர்: ஓகோ. தலையைக் கொஞ்சம் பின்னால் சாயுங்கள். (கத்தி தொண்டைக்குழியில்) எங்கள் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. போன வருஷத்திலிருந்து வாரம் 5 ஷில்லிங் பென்ஷன், போஸ்டாபீசில் போய் வாங்கி வருகிறாள். அதற்கெல்லாம் பணம் வேண்டாமா? இந்த வரி அநியாயம் என்றா சொன்னீர்கள்?

வியாபாரி: (உதடு அசையாமல்) சொன்னேனா? நானா?

கடைக்காரர்: அசையாதீர்கள் ஐயா.

அதே வருஷம், டிசம்பர். அதே நாற்காலி, அதே நுரை. ஜனவரியில் இரண்டு பெரிய கட்சிகளும் கிட்டத்தட்ட சமமாக வந்து, அயர்லாந்துக் கட்சி எம்.பி.க்கள் தயவில் ஆட்சி ஓடி, இப்போது பிரபுக்களின் அதிகாரத்தைக் குறைப்பதா வேண்டாமா என்று மறுபடியும் தேர்தல்.

கடைக்காரர்: மூன்றும் போட்டாயிற்றா?

வியாபாரி: கென்ட் மட்டும் பாக்கி. ஆனால் ஒன்று, மூன்று ஓட்டுப் போட்டும் பழையபடி இழுபறிதான் என்கிறார்கள். ரயில் கட்டணம்தான் தண்டம். உனக்கு இந்தத் தடவை ஓட்டு வந்திருக்குமே, இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே?

கடைக்காரர்: ஜனவரியில் பார்த்த அதே பட்டியலை வைத்துத்தான் இப்போதும் நடத்துகிறார்கள். புதுப் பட்டியல் ஜனவரி 1-ஆம் தேதிதான் அமலுக்கு வருமாம். அதில் என் பேர் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன்.

வியாபாரி: அப்புறம் என்ன? வருஷத்துக்கு இரண்டு தேர்தல் நடக்கிற நாடு. அடுத்தது வரும்போது போட்டுக்கொள்.

(அடுத்த பொதுத்தேர்தல் 1918 டிசம்பரில் வந்தது.)