பால் கொடுக்கும்வரை கரு தங்காதா? பாதிதான் உண்மை

“குழந்தைக்குப் பால் கொடுக்கும்வரை மறுபடி கரு தங்காது, கருத்தடை எதுவும் வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை என்பதால்தான் நிறையப் பேர் நம்பிவிடுகிறார்கள்.

தாய்ப்பால் கருத்தரிப்பைத் தள்ளிப்போடும், சரி. ஆனால் குழந்தைக்கு 6 மாதம் முடிந்திருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு உண்டு. நாலாம் மாதமே ராத்திரிக்குப் புட்டிப்பால் பழக்கிவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. “இன்னும் தலைக்குக் குளிக்கவே இல்லையே” என்று அதை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். மாதவிலக்கையே பார்க்காமல் கரு தங்கிவிடலாம்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பு தேறுவதற்குள் கரு தங்கினால் இரத்தசோகை, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என ஆபத்து கூடுகிறது.

கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். அதனால் பால் குறையாது. அரசு மருத்துவமனைகளில் இலவசம்தான். பிரசவத்துக்குப் போகும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.