புளி குடத்துக்குச் சரி, காசுக்கு ஆகாது
பழைய செப்புக் காசைச் சுத்தம் செய்யப் புளி போட்டுத் தேய்த்தால் போதும் என்கிறது இந்தக் கட்டுரை. செப்புக் குடத்துக்குச் சரி, காசுக்கு ஆகாது. புளியின் அமிலம் களிம்போடு கரும்பழுப்புப் படலத்தையும் தின்றுவிடும். காசுக்குக் காப்பே அந்தப் படலம்தான். என்னிடம் உள்ள ராஜராஜன் காசு ஒன்றை யாரோ அப்படித் தேய்த்திருக்கிறார்கள். நின்ற உருவம் தெரிகிறது, நாகரி எழுத்து மழுங்கிப்போயிற்று. வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது குளோரைடு என்ற உப்பு செய்யும் வேலை, ஈரம் பட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். டிஸ்டில்டு வாட்டரை மாற்றி மாற்றி ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு தனியே வைத்தால் ஓரளவு அடங்கும். மேலே கருத்திட்ட ஒருவர், காசுகளை வைக்க ஆல்பம் போதும் என்கிறார். அதில் பிவிசி என்ற பிளாஸ்டிக் உறை என்றால் அதுவே பச்சைப் பிசுக்கை ஏற்றிவிடும். அந்தப் பிசுக்கை நீக்கச் சுத்தமான அசிட்டோன் என்ற கரைப்பான் வேண்டும், நெயில் பாலிஷ் ரிமூவர் அல்ல.