பட்டை நிறைந்தால் வேலை முடிந்ததா?

செங்கோட்டையில் அத்தான் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். போன முகூர்த்தத்தில் ஆரியங்காவிலிருந்து ஒரு சேட்டன் கல்யாண வீடியோ வாங்க வந்திருந்தார், புனலூர் பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது, வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பென்டிரைவுக்குக் காப்பி ஓடுகிறது. எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் பட்டை கடைசிவரை நிறைந்தது, அத்தான் பென்டிரைவைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் போன். "அண்ணாச்சி, சத்ய முழுவன் போயி!" சத்ய என்றால் மலையாளத்தில் விருந்து, பந்தி எடுத்த கிளிப் ஒன்றுகூட ஓடவில்லை.

எல்லாரும் அத்தானைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை, ஏனென்றால் சாப்ட்வேர் எழுதுகிறவன் நான், பொய் சொன்னது எங்கள் ஜாதிதான். கடை கம்ப்யூட்டரில் இருப்பது உபுண்டு, விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம். காப்பி போடும்போது டேட்டா முதலில் மெமரிக்குப் போகும், அங்கிருந்து பென்டிரைவுக்குச் சாவகாசமாக எழுதப்படும். பட்டை கணக்கு வைத்தது மெமரிக்குப் போனதை. வெளியேற்று என்று அழுத்தியிருந்தால் இன்னும் எழுதுகிறேன், பிடுங்காதே என்று சொல்லியிருக்கும், சரிதான், ஆனால் பட்டை நிறைந்ததைக் கண்ணால் பார்த்தவன் அதற்கப்புறம் எதற்கு அழுத்துவான்?

எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டினால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்பதை பிராட் மையர்ஸ் என்கிற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் 1985லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். பத்து விநாடிக்கு மேல் இழுத்தால் ஆளின் கவனம் வேறெங்கோ போய்விடும் என்று சாப்ட்வேரை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதினார். ஆக, பட்டை வேண்டும், அதில் சண்டையே இல்லை. எதை எண்ணுகிறோம் என்பதில்தான் கோளாறு. நானூறு போட்டோவும் ஒரு பெரிய வீடியோவும் இருக்கும்போது பைல் எண்ணிக்கையை வைத்துப் பட்டையை ஓட்டினால் 99க்குச் சர்ரென்று போய் அங்கேயே படுத்துக்கொள்ளும். பைலின் அளவை வைத்து, பைட் கணக்கில் ஓட்டுங்கள். மிச்சம் எவ்வளவு என்று உண்மையிலேயே தெரியாவிட்டால், தெரியாத மாதிரியே இங்குமங்கும் ஓடுகிற பட்டையைப் போடுங்கள், போதும்.

அறிவிப்பு இதைவிட மோசம். அத்தான் ஆல்பத்துக்குப் பெயர் அடிக்கும்போது திரையைப் பார்க்க மாட்டார், கண் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும். ஒரு நாள் ஒரு புரோகிராம் நடுவில் பாப்அப்பை நீட்டி, "இப்போதே மூடித் திறக்கட்டுமா" என்று கேட்டிருக்கிறது. அவர் அடுத்த வரிக்குப் போக என்டர் தட்டினார். முடிந்தது, அரை மணி நேர வேலை போச்சு. கேள்வி கேட்டது அவருக்கே தெரியாது! தட்டிக்கொண்டிருப்பவன் கையிலிருந்து கீபோர்டைப் பறிக்க எந்த அறிவிப்புக்கும் உரிமை கிடையாது, வைரஸ் எச்சரிக்கையாகவே இருந்தாலும்.

2009இல் உபுண்டு கொண்டுவந்த கறுப்பு அறிவிப்புக் குமிழில் பட்டனே இல்லை, மவுஸ் மேலே போனால் மங்கிவிட்டது, பின்னால் இருந்ததைக் க்ளிக் செய்துகொள்ள முடிந்தது. அப்போது நிறையப் பேர் குறை சொன்னார்கள், எனக்குப் பிடித்திருந்தது. அதே வருஷம் வந்த விண்டோஸ் 7, காப்பி எவ்வளவு போனது என்பதை டாஸ்க்பார் பட்டனுக்குள்ளேயே பச்சையாகக் காட்டியது. வேண்டுமென்றால் நாம் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம், அது வந்து நம் தோளைத் தட்டாது.

சேட்டனுக்கு மறுபடி காப்பி போட்டு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினோம். நான் அத்தானுக்கென்று சின்னதாக ஒரு காப்பி புரோகிராம் எழுதினேன், டிரைவில் எழுதி முடித்து அதுவே வெளியேற்றிய பிறகுதான் பட்டை நிறையும். ஆனாலும் மானிட்டர் ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது: "பட்டையை நம்பாதே."